சுவிட்சை நிறுத்திய பிறகும்

கோடை தொடங்கிவிட்டால் எங்கள் இதயநோய்ப் பிரிவின் புறநோயாளிகள் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன் டாக்டர், ஃபேன் சுவிட்சைத் தொடலாமா?" என்று கேட்கிறார்கள். சிலர் சுவிட்சைப் போடுவதற்கே பேரப்பிள்ளைகளை அழைப்பதாகச் சொல்கிறார்கள். தாராளமாகத் தொடலாம் என்பதே எங்கள் பதில். பழுதில்லாத சுவிட்ச், மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்சி ஆகியவற்றை வழக்கமான முறையில் பயன்படுத்துவதால் பேஸ்மேக்கருக்குத் தீங்கு நேர்வதில்லை. அஞ்ச வேண்டிய இடம் சுவிட்சின் முகப்பன்று; அந்தப் பலகைக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் மறைந்திருக்கும் வயரிணைப்பு.

இதை எழுதத் தூண்டியது சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திர நாள்களில் எங்களிடம் வந்த ஒருவரின் அனுபவம். அவருடைய ஒப்புதலுடன், பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு எழுதுகிறோம். அவருக்கு வயது 58. மாரடைப்பு ஏற்பட்டு, அடைபட்ட இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தி, நலமாக வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. படுக்கையறை மின்விசிறி உறுமிக்கொண்டே மெதுவாகச் சுற்றத் தொடங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக வீட்டுச் சில்லறைப் பழுதுகளைத் தாமே சரிசெய்து வந்தவர் அவர். கெப்பாசிட்டர் போய்விட்டது என்று அறிந்துகொண்டார். அந்தக் கணிப்பு சரியானதுதான். கடையில் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வாங்கி வந்து, முக்காலியின்மேல் ஏறினார். மனைவி தடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும், "சரி, நானே நிறுத்துகிறேன்" என்று சுவிட்சைத் தம் கையாலேயே அணைத்தார். விசிறியும் நின்றது.

ஒரு கை விசிறி தொங்கும் இரும்புத் தண்டைப் பிடித்திருந்தது. மறு கை கெப்பாசிட்டர் வயரைத் தொட்டது. அடுத்து அவருக்கு நினைவிருப்பது தரையில் கிடந்ததுதான்.

108 வாகனத்தில் வந்து சேர்ந்தபோது நினைவு தெளிவாக இருந்தது. விரல் நுனியில் மிளகளவு தீக்காயம். ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றம் எதுவும் இல்லை. இதயத் துடிப்பும் சீராகவே இருந்தது. ஆனால் இடது இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இங்கேதான் எங்களுக்குச் சிக்கல் தொடங்கியது. புதிய ஸ்டென்ட் உள்ளவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகளையும் ஒரு நாள்கூட விடக்கூடாது. முதல் மாதத்தில் விட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். அவற்றைத் தொடர்ந்தால் அறுவையின்போது இரத்தப்போக்கு மிகும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் முறையும் பாதுகாப்பானதன்று. முழு மயக்கம் கொடுப்பதென்றால், மூன்று வாரங்களுக்கு முன் அடிபட்ட இதயம் அதைத் தாங்க வேண்டும். அறுவையே செய்யாமல் படுக்கையில் விட்டுவிட்டால் நுரையீரல் தொற்றும், படுக்கைப்புண்ணும், கால் நரம்புகளில் இரத்த உறைவும் காத்திருக்கின்றன. அன்று மாலை எலும்பியல், மயக்கவியல், இதயவியல் ஆகிய மூன்று துறையினரும் ஒன்றாக அமர்ந்து நெடுநேரம் பேசினோம். மாத்திரைகளை நிறுத்தாமல், முழு மயக்கத்தில், இரத்தம் தயாராக வைத்துக்கொண்டு அறுவை செய்வதென்று முடிவாயிற்று. இரண்டு யூனிட் இரத்தம் தேவைப்பட்டது. இதயம் தாங்கிக்கொண்டது.

ஆனால் எங்களை அதிகம் வருத்தியது அவருடைய மனைவியின் நிலை. "நான்தான் சுவிட்சை நிறுத்தினேன் டாக்டர். அவசரத்தில் வேறு எதையோ நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது" என்று வார்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உணவும் சரியாகக் கொள்ளவில்லை. விசிறி நின்றதைக் கணவரும் பார்த்தார். அதை அவரே சொல்லியும் அந்த அம்மையாரால் ஏற்க முடியவில்லை. நான்காம் நாள் அவர்களுடைய மகன் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வயர்மேன் அதே சுவிட்சை அணைத்துவிட்டு, மேலே ஏறி, டெஸ்டரை வைத்தார். அது எரிந்தது. அம்மையார் நிறுத்தியது சரியான சுவிட்சைத்தான். அந்தச் சுவிட்ச் வெட்டியது தவறான கம்பியை.

சுவிட்ச் எந்தக் கம்பியை வெட்ட வேண்டும்?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டம். ஒற்றை ஃபேஸ் இணைப்பில் இரண்டு கம்பிகள் மின்சாரத்தைச் சுமக்கின்றன. ஒன்று ஃபேஸ், மின்னழுத்தம் உள்ள கம்பி இதுவே. மற்றொன்று நியூட்ரல், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. மூன்றாவதான எர்த் கம்பி வழக்கமான நேரத்தில் வேலையின்றி இருக்கும். கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுசெல்வதே அதன் பணி. ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது நம் நாட்டு வழக்கம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிக் கை வைக்கக்கூடாது. கையில் மிஞ்சிய வயரை வைத்து வேலையை முடித்த வீடுகள் ஏராளம்.

முறையான இணைப்பில் ஃபேஸ் கம்பி மெயின் பெட்டியின் எம்.சி.பி.யிலிருந்து சுவிட்சுக்கு வரும். சுவிட்சிலிருந்து ரெகுலேட்டருக்கு, அங்கிருந்து கூரையிலுள்ள சீலிங் ரோசுக்கு, பிறகு விசிறிக்குச் செல்லும். விசிறியின் மறுமுனை நியூட்ரலாகத் திரும்பிவிடும். சுவிட்சை அணைத்தால் ஃபேஸ் சுவரிலேயே நின்றுவிடுகிறது. மேலே உயிர் இல்லை.

அந்த வீட்டில் இது தலைகீழாக இருந்தது. ஃபேஸ் நேராக விசிறிக்குப் போய்விட்டது. சுவிட்ச் இருந்ததோ நியூட்ரல் கம்பியில். எந்தக் கம்பியை வெட்டினாலும் சுற்று முறிவதால் விசிறி நின்றுவிடும். பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் நின்றுபோன விசிறியின் சுருள், கெப்பாசிட்டர், இணைப்பு முனைகள் எல்லாவற்றிலும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அறை கூடுதலாகக் கட்டியபோது இப்படி மாறியிருக்கலாம் என்று வயர்மேன் கருதினார். அத்தனை ஆண்டுகளும் விசிறி குறையின்றி ஓடியதால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஆகவே சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பதை மட்டும் பாதுகாப்பு என்று கொள்ளலாகாது. மெயினை அணைக்க வேண்டும். இதிலும் நம் ஊர் வீடுகளில் ஒரு பொறி உண்டு. மின்தடைக்கு அஞ்சி நாம் வைத்திருக்கும் இன்வெர்ட்டர், மெயினை அணைத்த மறுகணமே மின்வெட்டு என்று எண்ணிக்கொண்டு பேட்டரியிலிருந்து மின்சாரம் தரத் தொடங்கும். விளக்கும் விசிறியும்தான் பெரும்பாலும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருப்பவை. மெயின், இன்வெர்ட்டர் இரண்டும் அணைக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ளதென்று உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல வயர்மேன்களின் பழக்கம். பழுதான டெஸ்டரும் எரியாது. மின்சாரம் இல்லாத கம்பியிலும் டெஸ்டர் எரியாது.

"எம்.சி.பி. இருக்கிறதே, ட்ரிப் ஆகியிருக்க வேண்டாமா?" என்று மகன் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எம்.சி.பி. காப்பது வயரை, மனிதரை அன்று. விளக்கு, விசிறிச் சுற்றுக்குப் போடப்படும் 6 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் பாய்ந்தால்தான் விழும். மனித உடல் வழியே அவ்வளவு மின்சாரம் பாய்வதில்லை. உயிர் போக அதில் நூறில் ஒரு பங்குகூடப் போதும். மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், அதாவது 6 ஆம்பியரில் 200இல் ஒரு பங்கு கசிந்தாலே, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். கருவி விழவில்லையென்றால் அது இருந்தும் பயனில்லை. எங்கள் கருத்தில், இதயநோயாளி இருக்கும் வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்குவதற்கு முன்பே இது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இதயம் ஏன் இதற்கு அஞ்சுகிறது?

இதயமே ஒரு மின் உறுப்பு. ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைப்பது அதன் மேலறையில் பிறக்கும் மிகச் சிறிய மின்துடிப்பு. கீழறைகள் சுருங்கி முடித்து மறுபடி ஆயத்தமாகும் வேளையில், ஈ.சி.ஜி.யில் டி அலை என்று நாங்கள் குறிப்பிடும் இடத்தில், மிகக் குறுகிய ஒரு பலவீனமான கணம் உண்டு. அக்கணத்தில் வெளியிலிருந்து மின்சாரம் பட்டால் கீழறைகளின் தசைநார்கள் தனித்தனியே தாறுமாறாக நடுங்கத் தொடங்கிவிடலாம். அந்நிலையில் இரத்தம் வெளியேறாது. சில நொடிகளில் நினைவு தவறும். நொடிக்கு 50 முறை மாறி மாறிப் பாயும் வீட்டு மின்சாரம் அந்தப் பலவீனக் கணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு துடிப்பின் கால அளவு தொடர்ந்து பாய்ந்தாலே அக்கணத்தின்மேல் பட்டுவிடும்.

எவ்வளவு மின்னோட்டம் என்பதைத் தீர்மானிப்பதில் தோலுக்குப் பெரும்பங்கு உண்டு. காய்ந்த, தடித்த உள்ளங்கை பல்லாயிரம் ஓம் தடை தரும். வியர்த்த கையிலோ உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 வோல்ட் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்த முடியும். இதயக் கீழறைகளை நடுங்கச் செய்ய 50 முதல் 100 மில்லி ஆம்பியர் போதும். விசிறி பழுதாவதை நாம் உணர்வதோ வியர்வை வழியும் கோடையில்தான்.

மின்சாரத்தைத் தொட்டவர் கையை ஏன் விட முடிவதில்லை என்பதை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களைக் கொண்டு ஆராய்ந்தார். பற்றிய கம்பியைத் தாமே விட்டுவிடக்கூடிய எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். அதைத் தாண்டினால் கையை மூடும் தசைகள், திறக்கும் தசைகளை வென்றுவிடும். நம் நோயாளி கீழே விழுந்ததால் இடுப்பெலும்பு முறிந்தது. ஆனால் விழுந்ததால்தான் கை விடுபட்டது. ஒரு கையில் நுழைந்து மார்பைக் கடந்து மறு கை வழியே வெளியேறும் மின்னோட்டம் இதயத்தின் ஊடாகவே செல்கிறது. பழைய மின்பணியாளர்கள் ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய் என்று இளையவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறையை உலகுக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் ஒரு மருத்துவர் அல்லர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் கூவன்ஹோவன் என்பவர் அவர். மின்னதிர்ச்சியால் பணியாளர்கள் இறப்பதைத் தடுக்கும் ஆராய்ச்சியில்தான் அவர் ஈடுபட்டிருந்தார். நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியை நாய்களிடம் சோதித்தபோது, கனமான மின்தகடுகளை மார்பின்மேல் அழுத்தினாலே இரத்த அழுத்தம் சற்று உயர்வதை அவருடன் பணியாற்றிய கை நிக்கர்பாக்கர் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1960இல் அந்த முறையை வெளியிட்டார்கள். நாங்கள் வார்டில் ஒவ்வொரு வாரமும் செய்யும் ஒன்று, மின்கம்பியில் அடிபட்டவரைக் காக்கும் முயற்சியில் பிறந்தது.

விழுந்தவரைக் கண்டால்

முதலில் தொடாதீர்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். அது முடியாத நிலையில் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைக் கம்பியிலிருந்து விலக்குங்கள். நீங்கள் நிற்கும் இடம் ஈரமாக இருக்கக்கூடாது. பாசத்தில் ஓடிப்போய்ப் பிடித்த இரண்டாமவரும் உடன் மாண்ட குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

விலக்கிய பின் தோளைத் தட்டி அழையுங்கள். பதிலும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, தரையில் மல்லாத்திக் கிடத்தி, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதும் எழ விட வேண்டும். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மின்னதிர்ச்சியால் நின்ற இதயம் பல வேளைகளில் நோயற்ற இதயம்; விரைந்து தொடங்கினால் மீளும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களில் யார் மருத்துவமனைக்கு வர வேண்டும்? நினைவு தப்பியவர், மார்புவலியோ படபடப்போ உள்ளவர், தோலில் சுட்ட தடம் உள்ளவர், கருவுற்ற பெண்கள், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் ஆகிய அனைவரும் வர வேண்டும். தீக்காயம் சிறியதென்று அலட்சியம் கூடாது. மின்சாரம் நுழைந்த இடத்தில் புள்ளியாகத் தெரிவது உள்ளே தசையைப் பெரிதும் கருக்கியிருக்கலாம். சிறுநீர் கறுத்துப் போவது அதன் அடையாளம், சிறுநீரகத்துக்கு ஆபத்து.

வீடு திரும்புவோருக்கு

புதிதாகப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவி உள்ள பக்கத்துக் கையை நான்கு முதல் ஆறு வாரங்கள் தோளுக்கு மேலே உயர்த்தக்கூடாது என்று நாங்கள் சொல்வது நினைவிருக்கும். இதயத்தினுள் செலுத்திய கம்பி இடம்பெயர்ந்துவிடும். விசிறி துடைப்பதும் அதில் அடங்கும். ஆயுத பூஜைக்கும் போகிக்கும் வீடு சுத்தம் செய்யும்போது இதை மறந்துவிடுகிறார்கள். பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பு கூடும்வரை மேலே கை நீட்டும் வேலை எதுவும் வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் அண்ணாந்து பார்த்தபடி முக்காலியில் நின்றால் மின்சாரமே இல்லாமலும் விழுவார்.

ஐ.சி.டி. என்னும் அதிர்வுக் கருவி பொருத்தியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எர்த் சரியில்லாத சலவை இயந்திரமோ விசிறியோ உங்கள் உடல் வழியே சிறிது மின்சாரத்தைக் கசியவிட்டால், உங்களுக்கு அது லேசான கூச்சமாகத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். உள்ளிருக்கும் கருவியோ அந்த மாறுமின்னோட்டத்தை இதயத்தின் கட்டுக்கடங்காத துடிப்பு என்று பிழையாகக் கணித்துத் தேவையற்ற அதிர்ச்சியைக் கொடுத்துவிடக்கூடும். "தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, பழகிவிட்டது" என்று சொல்லும் வீட்டுக்கு ஐ.சி.டி. நோயாளியை அனுப்ப எங்களுக்கு மனம் ஒப்புவதில்லை.

சுவிட்சை அஞ்சும்படி மட்டும் சொல்லிவிட்டோம் என்று தோன்றுகிறது. நல்ல இடத்தில் வைத்த சுவிட்ச் மருந்துக்கு நிகராக உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வதால், படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். பின்னிரவில் குளிரெடுத்து விசிறியை நிறுத்த இருட்டில் எழுந்து நடந்தவர்கள் விழுந்து வந்த நிகழ்வுகள் எங்கள் குறிப்பேடுகளில் சில உண்டு. மாடிப்படி விளக்குக்குப் போடுவதுபோல், கதவருகே ஒன்றும் கட்டிலருகே ஒன்றுமாக இரண்டு டூவே சுவிட்சுகளை இதே விசிறிக்கு அமைக்கலாம். ஃபேஸ் முதல் சுவிட்சுக்கு வந்து, இரண்டு கம்பிகள் வழியே இரண்டாவதற்குச் சென்று, பிறகு ரெகுலேட்டரை அடையும். வயர்மேனுக்கு அரை நாள் வேலை. சுவரை வெட்ட விருப்பமில்லையென்றால் ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. விசிறி பொருத்தலாம், மின்செலவும் பாதிக்குக் குறைவு. ஆனால் அதற்குப் பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். கட்டிலருகே ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், பொறி பறக்கும் சுவிட்சோ கருகல் வாடையோ இருந்தால் அதை முதலில் மாற்றிவிட வேண்டும்.

வார்டில் அந்த அம்மையாரிடம் வயர்மேன் கண்டதை மகன் விளக்கியபோது அவர் உடனே நம்பவில்லை. ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து, விசிறியை ஒரு வட்டமாகப் போட்டு, சுவிட்ச் எங்கே இருந்தது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று நாங்களும் காட்டினோம். அந்தத் தாளை மடித்து வாங்கிக்கொண்டார். அன்று இரவு சாப்பிட்டார் என்று செவிலியர் குறித்திருந்தார்.

அண்மையில் இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். அவர் கைத்தடியுடன் தாமே நடந்து வந்தார். இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறனும் முன்னைவிடத் தேறியிருக்கிறது. வீடு முழுவதும் இணைப்புகளைச் சரிபார்த்து, ஆர்.சி.சி.பி. போட்டு, கட்டிலருகே சுவிட்ச் வைத்தாயிற்றாம். வேலை முடிந்ததும், சுவிட்சை அணைத்துவிட்டு மேலே டெஸ்டர் வைத்துக் காட்டுமாறு அம்மையார் வயர்மேனைக் கேட்டிருக்கிறார். ஒருமுறை காட்டியது போதவில்லை. மூன்று முறை காட்டச் சொல்லி அருகிலேயே நின்றாராம்.